நுரையீரல் புற்றும் தலைவிதியும்

மதுரைக்கு மேற்கே நாகமலை புதுக்கோட்டையின் பக்கத்தில் நீண்டு கிடக்கும் மலையைப் பற்றிப் புராணக்காரர் ஒரு கதை சொல்லுவார்கள். சமணர் யாகஞ் செய்து ஏவிய நாகம் மதுரையின் மேல் நஞ்சைக் கக்கியதாம். ஜனங்கள் மயங்கி விழுந்தார்களாம். பாண்டியன் அம்பெய்ய, நாகம் மடிந்து மலையாய்க் கிடக்கிறதாம். ஆனால் இன்று அம்மலையடியில், காசு கொடுத்து வாங்கி, நெருப்பு வைத்து, நெஞ்சுக்குள் இழுக்கப்படும் நஞ்சை ஏவியவர் யார்? எந்தச் சமணரும் அல்ல. பீடி, சிகரெட், சுருட்டு என்பவைகளை நாமே வாங்கி நாமே இழுக்கின்றோம்.

இதனால் நுரையீரலில் புற்று வந்தால், முன்ஜென்ம வினை என்கிறார்கள். 1950-ல் இங்கிலாந்தில் டால், ஹில் என்னும் இருவர் ஆஸ்பத்திரி நோயாளிகளை விசாரித்துக் கணக்கெடுத்தார்கள். புகைப்பவர்களுக்கே இந்நோய் மிகுதி என்றும், புகை கூடக் கூட நோயும் கூடுகிறதென்றும் கண்டார்கள். முன்ஜென்மப் பாவம் சிகரெட்டை எண்ணிப் பார்த்துக் கொண்டா வரும் என்று கேட்கின்றோம்.

பீடி வெறும் இலைதானே என்பதும் தப்பு. அதன் புகை சிகரெட்டுப் புகைக்கு இளைத்ததல்ல. கருப்பசாமிக்கே சுருட்டு படைக்கின்றோமே என்பார்கள். கருப்பசாமிக்கு நுரையீரல் இல்லை, படைக்கிறவனுக்கு இருக்கிறது. புகையே தொடாத பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. பக்கத்திலிருப்பவர் விடும் புகையும், கெட்ட காற்றும் அதற்குக் காரணமாகலாம். சிலருக்குக் காரணமே தெரிவதில்லை. ஆகவே நோயாளியைப் பாவி என்று தூற்ற எவருக்கும் யோக்கியதை இல்லை.

நுரையீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. அதனால் புற்று சத்தமில்லாமல் வளர்கிறது. மூன்று வாரம் விடாத இருமல், சளியில் ரத்தம், மூச்சுத் திணறல், காரணமில்லாத மெலிவு, கம்மிய குரல் ஆகியவற்றில் எது கண்டாலும் காட்ட வேண்டியது வைத்தியரிடம், மந்திரிப்பவனிடம் அல்ல. இருமலென்றால் காசநோய் என்பது நம் நாட்டு வழக்கம். காசநோய்க்குச் சளியைச் சோதிப்பது அவசியமே. ஆனால் சோதனையில் காணாமலே மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை தின்பது, புற்றுக்கு அவகாசம் கொடுப்பதாகும். எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்து, சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

இங்கேதான் "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று ஓடுகிறார்கள். துணுக்கு எடுக்காமல் எந்த வகைப் புற்று என்று தெரியாது. வகை தெரியாமல் மருந்து இல்லை. பரவிய பிறகு வந்து, பழியைக் கத்தியின் மேல் போடுவது என்ன நியாயம்?

அமெரிக்காவில் கிரஹாம் என்ற வைத்தியர் 1933-ல் புற்றுக் கண்ட ஒருவரின் ஒருபக்க நுரையீரல் முழுவதையும் ரண சிகிச்சையில் அகற்றினார். நோயாளி பல்லாண்டு வாழ்ந்தார். வெகுகாலம் புகைத்துப் பிந்தி விட்ட கிரஹாமோ, 1957-ல் நுரையீரல் புற்றினாலேயே, அந்நோயாளிக்கு முன்பாகவே இறந்தார். கத்திக்கு நெஞ்சைக் கொடுத்தவர் பிழைத்தார். புகைக்கு நெஞ்சைக் கொடுத்தவர் மாண்டார்.

இன்று ஆரம்பத்தில் கண்டால் புற்றுள்ள பகுதியை மட்டும் அறுத்தெடுக்கலாம். பரவியிருந்தால் கதிர் வைத்தியமும், ஊசி மருந்தும், சில வகைகளுக்கு மாத்திரையும் உண்டு. தீர்க்க முடியாத நிலையிலும் வலியையும் மூச்சுத் திணறலையும் தணித்து வைப்பது வைத்தியமேயாகும்.

இதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. தோப்பூரில் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியும், மதுரையில் அரசு இராஜாஜி ஆஸ்பத்திரியும், பாலரெங்கபுரத்தில் அரசுப் புற்றுநோய் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விதியென்று அழுது ஓயவில்லை. 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியையே ஏற்படுத்தினார்.

ஆகவே தோழர்களே! புகைப்பவர் இன்றே விடுங்கள். எந்த வயதில் விட்டாலும் லாபமே. இருமுகிறவரை இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். நோயின் பெயரை மறைப்பதால் நோய் மறையாது, நாள்தான் போகும்.