மணியை எண்ணுவது சில்லு, சொல்வது யார்?

நிக்ஸி குழாய்களைக் கொண்டு மணிக்கூடு வடிவமைக்கும் ஆர்வம் உலகெங்கும் பரவியிருக்கிறது. 1950களில் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த குழாய் இது. நியோன் வாயு நிரம்பிய கண்ணாடிக்குள் 0 முதல் 9 வரையிலான இலக்க வடிவில் பத்துக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஏறத்தாழ 170 வோல்ட் கொடுத்தால் வேண்டிய இலக்கம் செம்மஞ்சளாக ஒளிரும். எந்தக் கம்பி ஒளிர வேண்டும் என்பதை இன்று ஒரு மைக்ரோகன்ட்ரோலர் தீர்மானிக்கிறது.

இதில் கடினமான பகுதி உயர் மின்னழுத்தமே என்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. விநாடிகளை எண்ணுவதும் எளிதே; டி.எஸ். 3231 போன்ற நேரச் சில்லு ஆண்டுக்கு ஒரு நிமிடமளவே பிசகும். ஆனால், 'இப்போது மணி ஆறு' என்று முடிவு செய்வது சில்லு அன்று, அரசு.

இதை மலையகம் பட்டறிந்திருக்கிறது. 1996இல் வரட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றி, இலங்கை மின்வெட்டில் தவித்தது. மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்தி மின்சாரத்தை மிச்சப்படுத்தவென, மே 25ஆம் திகதி நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அக்டோபர் 26ஆம் திகதி அதில் அரை மணி குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணி 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்ததால், ஒரே தீவில் இரண்டு நேரங்கள் இருந்தன.

காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் தேயிலைத் தோட்டங்களின் நடுவேதான் உள்ளன. நாட்டுக்கு மின்சாரம் தந்த அந்த மலைகளின் லயங்கள் பலவற்றில் அன்று மின்விளக்கே இல்லை. மிச்சப்படுத்த மின்சாரம் இல்லாதவர்களும் காலை வெளிச்சத்தில் அரை மணியை இழந்தார்கள். ஜனவரியில் சூரியன் உதிக்க மணி ஏழை நெருங்கிற்று. பிள்ளைகள் இருளிலேயே பள்ளிக்குப் புறப்பட்டார்கள். அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

ஆகவே, மணிக்கூடு வடிவமைப்போருக்கு ஒன்று சொல்வேன். சில்லில் உலகப் பொது நேரத்தையே வையுங்கள். உள்ளூர் நேர வேறுபாட்டை நிரலுக்குள் புதைக்காமல், கால் மணி அளவில் மாற்றக்கூடிய பொத்தான்களாக வெளியே வையுங்கள். இணையத்திலிருந்து நேரத்தைப் பெறலாமே எனக் கேட்கலாம். இணையம் தருவதும் பொது நேரமே. வேறுபாட்டை அங்கும் யாரோ ஒருவர் எழுதித்தான் வைக்க வேண்டும். கோடையில் ஒன்றும் குளிரில் ஒன்றுமாக நேரம் மாற்றும் இலண்டன், ரொறன்ரோ தமிழர் இதை நன்கறிவர்.

இலங்கையில் 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. ஹட்டன், நுவரெலியா மாணவர்களுக்கு இந்த மணிக்கூடு நல்ல பாடமாகும். 170 வோல்ட் ஆபத்தானது, முதலில் எல்.ஈ.டி. இலக்கங்களில் பழகட்டும். தப்பு, சங்கு, பெரட்டு என்று அவர்களுடைய முன்னோருக்கு நேரம் எப்போதும் பிறர் இட்ட கட்டளையாகவே வந்தது. நேரம் எவ்வாறு உருவாகிறது, யார் அதை மாற்றுகிறார்கள் என்பதைத் தம் கையால் செய்து அறிந்த பிள்ளை, அடுத்தமுறை அது மாற்றப்படும்போது காரணம் கேட்கும்.