பந்தலுக்கு வெளியே நின்ற சிறுவன்

புதுவாயலில் ஒரு மாலை. நெடுஞ்சாலையில் லாரிகள் இரைந்து ஓட, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை முடித்த தோழர்கள் திரண்டிருந்தனர். நான் மேடையேறினேன். வெடித்தது பத்தாயிரம் வாலா! முழங்கியது பறை! மகிழ்ந்தேன், மறைப்பானேன்?

கூட்டம் முடிந்ததும் தொழிலாளித் தோழர் ஒருவர் வந்தார். "அண்ணே, உங்க பேச்சை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுதான் கேட்டேன். பையனுக்கு ஆட்டிசம். வேட்டுச் சத்தத்துல காதைப் பொத்திக்கிட்டு அலறிட்டான். கூட்டம்னா அவனுக்கு ஆசைண்ணே!" என்றார்.

எனக்கு வாழ்த்தொலி, அவனுக்கு அது வெளியேற்றும் ஆணை! சிற்றூர்க் கூட்டத்திலேயே இந்நிலை எனில், இலட்சம் பேர் கூடும் மாநாட்டில்?

'புறவுலகச் சிந்தனையற்றோர்' என்று இவர்களைக் குறித்து எழுதிவந்தன அரசு ஏடுகள். புறவுலகமா எட்டவில்லை அவனுக்கு? நமக்கு எட்டுவதினும் பன்மடங்காக எட்டியது! ஒலியும் ஒளியும் நெரிசலும் ஒருசேரத் தாக்கின.

1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களைக் கூறிற்று. ஆட்டிசம் அதில் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைக் கூறிற்று. ஆட்டிசம் அதில் உண்டு. ஏட்டில் இடம் கிடைத்துவிட்டது. பந்தலில்?

"வர இயலாதவர் தொலைக்காட்சியில் பார்க்கட்டுமே" என்பாருண்டு. 1956, திருச்சி மாநாட்டை நினைவில் கொள்வீர்! தேர்தலில் நிற்கலாமா என்று, வந்திருந்தோரிடமே வாக்குப் பெட்டி வைத்துக் கேட்டது திராவிட முன்னேற்றக் கழகம். வந்தவனுக்கு வாக்கு; வாயிலோடு திரும்பியவனுக்கு? உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க, 2025 ஏப்ரலில் சட்டமுன்வடிவு நிறைவேற்றியது தமிழகச் சட்டமன்றம். மன்றத்தில் அமரத் தக்கவர் மாநாட்டில் அமர வேண்டாமா?

கோடி கேட்கவில்லை, கொஞ்சம் கவனம் கேட்கிறேன். ஒலிபெருக்கிக்கும் ஜெனரேட்டருக்கும் எட்டத்தில் ஓர் அமைதிக் கூடாரம். அதில் மங்கிய விளக்கு, பாய், தண்ணீர். வெளிவழியை ஒட்டிச் சில இருக்கைகள். வாயில் எங்கே, கழிப்பறை எங்கே, பறை முழங்கும் நேரம் எது என்று படத்துடன் துண்டறிக்கை, ஒரு வாரம் முன்னதாகவே.

தொண்டர் படைக்கும் பாடம் வேண்டும். முகம் பார்த்துப் பேசாதவன் அவமதிப்பவன் அல்லன்! உடல் அசைத்து நிற்பவன் குடித்தவன் அல்லன்! கையைப் பிடித்து இழுக்காதீர்!

அமெரிக்காவில் ஆட்டிசம் உடையோர் தாமே 1996இல் தொடங்கி நடத்திய சந்திப்பு 'ஆட்ரீட்'. பச்சை அட்டை அணிந்தவரிடம் எவரும் பேசலாம். மஞ்சள் எனில் அறிந்தவர் மட்டும். சிவப்பு எனில் எவரும் பேச்சுத் தொடங்கலாகாது. அங்கு வளர்ந்த வழக்கம் இது. கொடியின் நிறம் கண்டே ஆளை அறியும் நமக்கா இது விளங்காது?

இன்னொன்று, நமக்குச் சற்றுக் கசக்கும். ஆறு மணி என்று அச்சிட்டு ஒன்பதுக்கு வருகிறோமே, அது பெருமையா? அடுத்து நிகழ்வது அறிந்தாலன்றி அமைதி கொள்ளாத உள்ளத்துக்கு அந்த மூன்று மணி நேரம் சித்திரவதை!

மீண்டும் புதுவாயல் வருவேன். குறித்த மணிக்கு வருவேன். வேட்டு வேண்டாம், தோழர்களே! வெளிவழியை ஒட்டி ஓர் இருக்கை போடுங்கள். அந்தச் சிறுவன் அதில் அமர்ந்த பின்னர் என்னைப் பேச அழையுங்கள்.