தேதி தவறென்றால் எக்ஸெல் சொல்ல வேண்டாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, கடைக் கணக்கை எக்ஸெலில் ஏற்றுகிறீர்களா? நாள், மாதம், வருடம் மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் டைப் செய்வோர் பலர். கம்ப்யூட்டருக்கு அவை வெறும் எண்கள். 'டேட்' என்ற பங்ஷனில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் அவற்றைக் கொடுத்தால்தான் தேதியாகும். அதன் பிறகே இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை நாட்கள் என்று கணக்கிட முடியும்.

வசதியான பங்ஷன்தான். ஆனால் தவறான எண்களைக் கொடுத்தாலும் தலையாட்டிவிடுகிறது என்பதே என் குறை.

ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜனின் பிறந்த நாள் 22-12-1887. இதை டேட் பங்ஷனில் கொடுத்துப் பாருங்கள். வருடம் 3787 என்று வரும்! எக்ஸெலின் நாட்காட்டி 1900-ல்தான் தொடங்குகிறது. அதற்குக் குறைந்த எண்ணை வருடமாகக் கொடுத்தால், அதனுடன் 1900-ஐக் கூட்டிவிடும். அதே ஊரில் 1879-ல் பிறந்த பெரியாருக்கும் 3779 தான்.

பழைய தேதி நமக்கெதற்கு என்கிறீர்களா? மஞ்சள் மூட்டை குடோனுக்கு வந்த வருடத்தை 25 என்று சுருக்கி, டேட் பங்ஷனில் கொடுத்தால் அது 1925 ஆகிவிடும். குடோன் வாடகை நூறு வருடத்துக்கு ஏறும்! 2025 பிப்ரவரி 30 என்று கொடுத்தால், சத்தமில்லாமல் மார்ச் 2 ஆக்கிவிடும். மாதம் 15 என்றால் அடுத்த வருட மார்ச்.

கடன் தவணை கணக்கிட இது உதவும் என்பார்கள். 45 நாள் தவணைக்குத் தேதியுடன் 45-ஐக் கூட்டினாலே போதுமே! பைத்தான் மொழியில் பிப்ரவரி 30 என்று கொடுத்தால், பிழை என்று சொல்லி நின்றுவிடும். நல்ல கணக்குப்பிள்ளை அப்படித்தான் இருக்க வேண்டும்.

எக்ஸெல் சொல்லாதவரை நாம்தான் சரிபார்க்க வேண்டும். வருடத்தை எப்போதும் நான்கு இலக்கமாக டைப் செய்யுங்கள். கிடைத்த தேதியிலிருந்து 'டே', 'மன்த்', 'இயர்' பங்ஷன்களால் மூன்று எண்களையும் திரும்ப எடுத்து, நீங்கள் டைப் செய்தவற்றோடு ஒப்பிடுங்கள். ஒன்று மாறினாலும் அந்த வரியில் தவறு இருக்கிறது. ஆகஸ்ட் 5-ஐ மே 8 என்று மாற்றி டைப் செய்திருந்தால் மட்டும் இதில் அகப்படாது. அதற்குப் பில்லைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.