அடைப்பு நீங்கினால் ஆபத்து நீங்கிவிட்டதா?

மாரடைப்பு வந்தவரை ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அழைத்துச் சென்ற பிறகு, வெளியே காத்திருக்கும் உறவினர்கள் எதிர்பார்ப்பது ஒரே செய்தியைத்தான்: "அடைப்பை எடுத்தாச்சு." அதைக் கேட்டதும் கண்டம் கழிந்தது என்று எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். ரத்தக்குழாய் திறந்துவிட்டால் இதயம் பிழைத்துவிட்டது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது பாதி உண்மை மட்டுமே. மீதிப் பாதியை அறியாமல் விடுவதால் நோயாளிதான் பாதிக்கப்படுகிறார்.

முதல் வாதம்: ரத்தம் திரும்பியதும் தசை உயிர்பெற்றுவிடும்.

ரத்தம் நின்றுபோன செல்லில் அமிலம் தேங்குகிறது. உள்ளே சோடியமும் கால்சியமும் சேர்கின்றன. ரத்தம் திடீரெனத் திரும்பும்போது அமிலம் வேகமாக வெளியேறி, கால்சியம் மேலும் உள்ளே குவிகிறது. புதிதாக வந்த ஆக்ஸிஜனிலிருந்து செல்லைச் சிதைக்கும் மூலக்கூறுகள் உருவாகின்றன. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் துளைகள் திறக்க, அதுவரை தாக்குப்பிடித்த செல்லும் இறந்துபோகிறது. அமெரிக்க நோயியல் வல்லுநர் ராபர்ட் ஜென்னிங்ஸும் அவருடைய குழுவினரும் நாய்களின் இதயத்தில் இந்தச் சேதத்தை 1960இலேயே விவரித்துவிட்டார்கள். இறுதியில் அழியும் தசையில் பாதி வரைகூட இதனால் அழியலாம் என்று விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன.

இரண்டாம் வாதம்: பெரிய குழாய் திறந்தால் ரத்தம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்.

1974இல் குளோனர், கனோட், ஜென்னிங்ஸ் ஆகிய மூவரும் நாய்களின் இதய ரத்தக்குழாயை அடைத்துத் திறந்து பார்த்தார்கள். 40 நிமிட அடைப்புக்குப் பின் ரத்தம் தசை முழுவதும் பரவியது. 90 நிமிட அடைப்புக்குப் பின்னரோ, குழாய் திறந்திருந்தும் தசையின் உட்பகுதிகளுக்கு ரத்தம் போகவில்லை. வீங்கிய செல்களாலும் சிதைந்த சுவர்களாலும் நுண்குழாய்கள் அடைபட்டிருந்தன. மனிதர்களிடமும் எம்.ஆர்.ஐ. படங்களில் இது தெரிகிறது. ஆஞ்சியோகிராம் திரையில் குழாய் பளிச்சென்று தெரிவது மட்டும் போதுமான சான்று ஆகாது.

ரத்தக்கட்டியை முதலிலேயே உறிஞ்சி எடுத்துவிட்டால் துணுக்குகள் நுண்குழாய்களை அடைக்காது என்று நம்பினார்கள். 10,732 நோயாளிகளைக் கொண்ட 'டோட்டல்' ஆய்வு 2015இல் அந்த நம்பிக்கையை உடைத்தது. எல்லோருக்கும் அப்படிச் செய்ததில் பலன் கிடைக்கவில்லை. பக்கவாதம்தான் சற்று அதிகரித்தது.

மூன்றாம் வாதம்: ஆக்ஸிஜன் எவ்வளவு கொடுத்தாலும் நல்லதுதான்.

மாரடைப்பு என்றாலே முகமூடி மாட்டுவது பல்லாண்டுப் பழக்கம். ஆஸ்திரேலியாவில் 441 பேரிடம் நடந்த 'அவாய்டு' ஆய்வில் (2015), ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு சரியாக இருந்தவர்களுக்கு மேலும் கொடுத்தபோது இதயத்தசைச் சேதம் கூடியதற்கான அறிகுறிகள் தென்பட்டன. ஸ்வீடனில் 6,629 பேரிடம் நடந்த பெரிய ஆய்விலும் (2017) இறப்பு குறையவில்லை. அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் ஆக்ஸிஜன் தேவை என்பது இன்றைய நெறிமுறை.

நான்காம் வாதம்: ரத்தம் திரும்பும்போது வரும் சேதத்தைத் தடுக்க மருந்து வந்துவிட்டது.

இங்கேதான் அறிவியல் அதிகம் நம்பியது, அதிகம் ஏமாந்தது. இதயக்குழாயைச் சில நிமிடங்கள் அடைத்துத் திறந்து பழக்கிவிட்டால், பின்னால் வரும் நீண்ட அடைப்பில் அழியும் தசை நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது என்று 1986இல் மரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் நாய்களிடம் கண்டார்கள். கையில் ரத்தஅழுத்தப் பட்டையைக் கட்டி, ஐந்து நிமிடம் இறுக்கித் தளர்த்துவதை நான்கு முறை செய்தாலே அந்தப் பாதுகாப்பு கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு பிறகு வளர்ந்தது. பிரிட்டன், டென்மார்க், ஸ்பெயின், செர்பியா ஆகிய நாடுகளில் 5,401 பேரிடம் சோதித்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் இதய இறப்போ இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதோ குறையவில்லை.

இந்தச் சேதத்தைக் குறைக்கும் என்று எதிர்பார்த்த சைக்ளோஸ்போரின் மருந்தின் கதையும் இதேதான். 2008இல் 58 பேரிடம் நம்பிக்கை தந்தது. 2015இல் 970 பேரிடம் பலன் தரவில்லை.

ஆய்வகத்து விலங்கு பெரும்பாலும் இளமையானது, வேறு நோய் இல்லாதது. மருத்துவமனைக்கு வருபவரோ முதியவர், சர்க்கரை நோயாளி, ஏற்கெனவே பல மாத்திரைகள் சாப்பிடுபவர். இந்த வேறுபாடு தோல்விக்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. இதய அறுவை சிகிச்சையில் நிலைமை வேறு. ரத்தம் எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே தெரிவதால், பொட்டாசியம் கலந்த கரைசலைச் செலுத்தி இதயத்தை ஓய்வில் நிறுத்திக் காக்க முடிகிறது. மாரடைப்பு அப்படி அவகாசம் தருவதில்லை.

ஐந்தாம் வாதம்: ரத்தம் திரும்புவதே சேதம் என்றால், அடைப்பைத் திறக்க ஏன் அவசரம்?

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான வாதம். திறக்காமல் விட்டால் தசையின் உட்புறத்தில் தொடங்கும் அழிவு வெளிப்புறம் நோக்கிப் பரவி, அந்தப் பகுதியையே கொன்றுவிடும். 17,187 பேரைக் கொண்ட 'ஐசிஸ்-2' ஆய்வு (1988) இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ரத்தக்கட்டியைக் கரைத்து அடைப்பைத் திறக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஆஸ்பிரினும் பெற்றவர்களில் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் ஐந்து வாரங்களில் இறந்தவர்கள் 8 சதவீதம். இரண்டும் பெறாதவர்களில் 13.2 சதவீதம். ரத்தம் திரும்புவதால் வரும் சேதத்தைவிட, திரும்பாமல் போவதால் வரும் சேதம் மிகப் பெரிது. அடைப்பு நீளும்தோறும் இரண்டுமே கூடுகின்றன.

ஆகவே இன்றைக்கு உறுதியாகத் தெரிந்த பாதுகாப்பு, நேரத்தை வீணாக்காமல் இருப்பது ஒன்றுதான். நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் வந்தால் வாயுத்தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம்; உடனே 108ஐ அழைத்து, இ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும். தமிழகத்தில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கிடைக்கின்றன. அடைப்பு நீங்கிய பின்னும் மருத்துவர் சொல்லும்வரை ஒரு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது, புகையிலையைத் தொடக் கூடாது, எக்கோ பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. "அடைப்பை எடுத்தாச்சு" என்று மருத்துவர் சொன்னதும், "இதயத்தசை எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும்?" என்று உறவினர்கள் தவறாமல் கேட்க வேண்டும்.