நம் கைபேசியில் உலாவியைத் தேர்ந்தெடுத்தது யார்?

வங்கிக் கணக்கு பார்ப்பது முதல் பிள்ளைகளின் தேர்வு முடிவு வரை, இன்று நம் வீடுகளில் பாதி வேலைகள் பிரவுசர் எனப்படும் உலாவி வழியாகவே நடக்கின்றன. ஆனால் அந்த உலாவியை நாம் ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இருக்காது. போன் வாங்கும்போதே அதில் இருந்தது, அவ்வளவுதான். அப்படி 'முன்பே இருக்கும்' இடத்தைப் பிடிக்கத்தான் பெரும் நிறுவனங்கள் முப்பது ஆண்டுகளாக மோதிக்கொண்டிருக்கின்றன.

1994இல் வந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர்தான் முதலில் சந்தையை ஆண்டது. மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் தனது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை இறக்கியது. அது இலவசம், பின்னர் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. கையில் ஒன்று இருக்கும்போது இன்னொன்றைத் தேடிப் போவோர் குறைவு. 1998இல் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தது. ஆனால் வழக்கு முடிவதற்குள் நெட்ஸ்கேப் வேறு நிறுவனத்திடம் கைமாறிவிட்டது.

வென்றவர் பிறகு அசந்துவிட்டார். எக்ஸ்ப்ளோரரின் ஆறாம் பதிப்பு 2001இல் வந்தது. ஏழாவது 2006இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் வைரஸ்களும், திடீர் திடீரென முளைக்கும் விளம்பரங்களும் பயனர்களைப் படாதபாடு படுத்தின. 2004இல் ஃபயர்ஃபாக்ஸ் வந்து அந்த விளம்பரங்களைத் தடுத்தது. 2008இல் கூகுள் குரோம் வேகத்தோடு வந்தது. ஒரு டேப் நின்றுபோனாலும் மற்றவை நிற்கவில்லை. மக்கள் மாறினார்கள்.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. விளம்பரம் பார்த்து யாரும் உலாவியை மாற்றுவதில்லை. இருப்பது பொறுக்க முடியாத அளவுக்குத் தொல்லை தர வேண்டும், புதியது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நன்றாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் மாற்றம் வரும்.

இன்று உலகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குரோம் வசம் உள்ளது. மைக்ரோசாஃப்டின் எட்ஜ்கூட 2020 முதல் கூகுள் தொடங்கிய குரோமியம் அடித்தளத்தில்தான் ஓடுகிறது. தனது தேடுபொறி மற்றவர்களின் போன்களிலும் உலாவிகளிலும் முதலிடத்தில் இருப்பதற்காக, 2021இல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது நீதிமன்றத்தில் வெளியானது. நாம் அமைப்புகளை மாற்ற மாட்டோம் என்ற நம்பிக்கைக்குக் கொடுத்த விலை அது!

தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்தியதாக 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் குரோமை விற்க வேண்டும் என்ற அரசின் கோரிக்கையை 2025 செப்டம்பரில் நீதிபதி ஏற்கவில்லை. இந்தியாவிலும், குரோம் உள்ளிட்ட செயலிகளை ஆண்ட்ராய்டு போன்களில் கட்டாயமாகத் திணித்ததற்காகப் போட்டி ஆணையம் 2022இல் 1,337 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அதன்பின் தேடுபொறியைப் பயனரே தேர்ந்தெடுக்கும் வசதி இங்கு வந்தது. சென்னையைச் சேர்ந்த ஸோஹோவின் 'உலா' 2023இல் களத்துக்கு வந்துள்ளது.

அடுத்த சுற்றும் தொடங்கிவிட்டது. 2025இல் பெர்ப்ளெக்ஸிட்டியின் காமெட், ஓபன்ஏஐயின் அட்லஸ் என செயற்கை நுண்ணறிவு உலாவிகள் வந்துள்ளன. நாம் பார்க்கும் பக்கத்தை இவை தாமே படிக்கும், நமக்காகப் பொத்தானையும் அழுத்தும். வசதிதான். ஆனால் நம் மின்னஞ்சலையும் வங்கிப் பக்கத்தையும் அதே கண்கள் பார்க்கக்கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பிள்ளைகளுக்கும் ஒன்றைச் சொல்லி வைப்போம். 'இன்காக்னிட்டோ' என்பது மறைவிடம் அல்ல. அது நம் போனில் உலாவல் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவுதான். நாம் செல்லும் தளங்களும் இணைய நிறுவனமும் நம்மைப் பார்க்க முடியும்.

உலாவியை மாற்றுவதும் மாற்றாமல் இருப்பதும் நம் விருப்பம். ஆனால் அது நம் விருப்பமாக இருக்கட்டும். இன்று இரவு ஐந்து நிமிடம் ஒதுக்கி, நம் போனின் அமைப்புகளைத் திறந்து, நமக்காக யார் எதைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.