கொல்லைப்புறத்து அணு உலை

ஊர்ல இருந்து அடுத்த அழைப்பு வந்தாச்சு மக்களே. இந்த முறை நிலம் இல்லை, தேக்கு மரம் இல்லை, கோல்ட் ஃப்யூஷன்! அதாவது, சூரியனுக்குள்ள நடக்குற அணுக்கருப் பிணைவை கொல்லைப்புறத்து பாத்திரத்துலயே நடத்தறது. தண்ணி, பொட்டாசியம் கார்பனேட், டங்ஸ்டன் கம்பி, கரண்ட். கம்பி ஜொலிக்குது, தண்ணி கொதிக்குது. "போட்டதை விட ரெண்டு மடங்கு வருது, வெளிநாட்டுல இருக்கறவங்க கொஞ்சம் பணம் போட்டா..."

சந்தேகப்பட்டா உடனே பி.கே. ஐயங்கார் பேரை இழுக்கறாங்க. எனக்கு எரிச்சல் வர்றது இங்கதான்.

1989 மார்ச்சுல ஃப்ளெய்ஷ்மனும் பான்ஸும் யூட்டாவுல அறிவிச்சதும், ஐயங்கார் தலைமையில இருந்த பாபா அணு ஆராய்ச்சி மையம் சோதனையில இறங்கினது நிஜம். ஆனா அவங்க தேடினது வெந்நீரை இல்லை சாமி! நியூட்ரானையும் ட்ரிட்டியத்தையும். இருக்குன்னு சொன்னாங்க, சொன்னதை அந்த வருஷமே அறிக்கையா போட்டு, "வந்து தப்பு கண்டுபிடி"ன்னு உலகத்துக்கு முன்னாடி வச்சாங்க. உலகம் ஏத்துக்கலை. கூகுள் பணத்துல சுமார் 30 பேர் தேடிட்டு, 2019ல நேச்சர் இதழ்ல ஆதாரம் கிடைக்கலைன்னு எழுதினாங்க. இதுல யாருக்கும் அவமானம் இல்லை, ஆராய்ச்சின்னா அதான். நம்ம கொல்லைப்புறத்துக்காரர் கேட்டா "ஃபார்முலா ரகசியம்"ங்கறார். இது ஐயங்கார் வழி இல்லைங்க, ராஜபாளையம் ராமர் பிள்ளை வழி. 1996ல மூலிகை பெட்ரோல்னு நாடே கொண்டாடுச்சு, 2016ல சென்னை நீதிமன்றம் மூணு வருஷம் தண்டனை கொடுத்தது.

குமுளி மலைப்பாதையில இறங்கினவங்க பெரிய குழாய்களைப் பார்த்திருப்பீங்க. பெரியாறு தண்ணி அதுல விழுந்துதான் லோயர் கேம்ப்ல கரண்ட் ஆகுது. எவ்வளவு தண்ணி, எவ்வளவு உயரம், எவ்வளவு கரண்ட், எல்லாத்துக்கும் கணக்கு உண்டு. இங்கயும் அதைத்தான் கேக்கறேன். அதே மாதிரி இன்னொரு பாத்திரத்துல சாதா ஹீட்டர் கம்பியைப் போட்டு, அதே வாட் கொடுத்து, பக்கத்துல வச்சுக் காட்டுங்க. துடிச்சுத் துடிச்சு ஓடுற கரண்டை மலிவு மீட்டர் சரியா அளக்காது. தெறிச்சு வெளிய போன தண்ணியும் ஆவிக் கணக்குல ஏறிடும். "ரெண்டு மடங்கு" அங்கயே பிறந்துடும்.

பணத்தை விடுங்க. அந்தப் பாத்திரத்துல ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கிளம்புது, சுத்தி குழந்தைங்க நின்னு வேடிக்கை பாக்குதுங்க. 1992 ஜனவரியில கலிபோர்னியா மென்லோ பார்க்ல, பயிற்சி பெற்றவங்க வேலை செஞ்ச ஆய்வுக்கூடத்துலயே இப்படி ஒரு கலன் வெடிச்சு ஒரு விஞ்ஞானி செத்துப் போனார்.