விற்பனைக்கல்ல!

விற்பனைக்கல்ல என்று சொல்லி அச்சிட்ட புத்தகத்துக்கு இன்று விலை பேசுகிறார்கள்! இலவசமாய்க் கொடுத்த பிரதியை அரிய பொருள் என்று அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாமா? நம்மால் போக முடியவில்லை.

புத்தகத்தின் பெயர் '114 பாடல்கள்'. அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸ் 1922-இல் தம் கைப்பணத்தைப் போட்டு அச்சிட்டது. நியூயார்க்கில் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நடத்திப் பொருள் ஈட்டியவர் அவர். பகலெல்லாம் அலுவலகம், இரவிலும் விடுமுறையிலும் இசை. அவரைத் தொழிலாளத் தோழர் என்று நாம் சொல்லப் போவதில்லை, முதலாளிதான். ஆனால் அந்த முதலாளி செய்த காரியத்தைப் பாருங்கள்!

இந்தப் புத்தகம் சந்தைக்கு வராது. கையிருப்பு உள்ளவரை கேட்பவர்க்கெல்லாம் இலவசமாய் அனுப்பப்படும். இதிலுள்ள இசையை எவரும் எடுத்தாளலாம், நகல் எடுக்கலாம், விரும்பிய கருவிக்கு மாற்றிக்கொள்ளலாம். இதைப் புத்தகத்திலேயே அச்சிட்டு வைத்தார். முதல் பாட்டு எதைப் பற்றி? காதலைப் பற்றியா? கடவுளைப் பற்றியா? இல்லை. அதன் தலைப்பே 'பெரும்பான்மை'. மக்கள் திரளைப் பற்றிய பாட்டு! பியானோக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டால் அதற்குப் போதாது. கொத்துக் கொத்தாக அழுத்த வேண்டும். திரளைப் பாட ஒற்றை விரல் போதுமா, என்ன?

பழகிய காதுகளுக்கு அது பிடிக்கவில்லை. கேலி செய்த இசைப் பத்திரிகையும் உண்டு. பத்தாண்டு சென்றபின், 1932-இல், நியூயார்க் மாநிலத்தில் யாடோ என்னுமிடத்தில் நடந்த விழாவில் ஏரன் கோப்லண்ட் அத்தொகுப்பிலிருந்து ஏழு பாடல்களை மேடையேற்றினார். 1947-இல் மூன்றாம் சிம்பொனிக்காகப் புலிட்சர் பரிசு வந்தது. அந்தப் பணத்தையும் ஐவ்ஸ் பிறருக்கே கொடுத்துவிட்டார். 1954-இல் மறைந்தார்.

1922-இல் வெளியான நூல்களுக்கு அமெரிக்காவில் இன்று பதிப்புரிமை இல்லை. எனவே பாட்டு எல்லோருக்கும் சொந்தம். பூட்டிக் கிடப்பது காகிதம் மட்டுமே என்று வாதிப்பார்கள். காகிதந்தானே என்று நாம் விட்டுவிடுவதற்கில்லை. தன் பாட்டுக்குக் கூலி வேண்டாம் என்று ஒருவன் எழுதிக் கொடுத்த சாட்சிப் பத்திரம் அது! சேகரிப்போரை நாம் பழிக்கவில்லை. கரையானிடமிருந்து பல நூல்களைக் காத்தவர்கள் அவர்கள். அந்த நன்றி நமக்கு உண்டு. ஆயினும் ஒரு பிரதி ஏலத்துக்கு வரும்போது பொது நூலகமும் அங்கே கைதூக்க வேண்டும். வாங்கியதைக் கண்ணாடிக்குள் காட்சிக்கு வைத்தால் போதாது. பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பொதுவில் வைக்கட்டும். வேலை முடிந்து வரும் ஒருவன் சீட்டு எழுதிக் கொடுத்தால், புத்தகம் மேசைக்கு வரட்டும். அதற்குப் பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் கேட்க வேண்டாம். ஐவ்ஸ் எவரிடமும் கேட்கவில்லை.